வட்டாரத் தொல்லியல் சந்திப்பை நடத்துவது எப்படி: பானை ஓடுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வழிமுறை

ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் அகழ்ந்துகொண்டிருக்கும் இரண்டு குழுக்கள் ஒரே வகைப் பானையைப் பத்து ஆண்டுகளாக இரு வேறு பெயர்களால் குறித்து வருவதும், அது தெரியாமலேயே இரண்டு அறிக்கைகளும் அச்சேறிவிடுவதும் தொல்லியலில் அரிதான செய்தியன்று. அறிக்கை வெளிவரும்வரை காத்திருந்தால் இத்தகைய பிழைகள் நூல்களில் நிலைத்துப்போகும். பின்னர் வருபவர்கள் அவற்றைப் பிரித்தறிவதிலேயே பாதி ஆற்றலைச் செலவிட நேரும். அறிக்கைக்கு முன்னதாகவே, பொருள்கள் இன்னும் பைகளிலும் தட்டுகளிலும் இருக்கும் நிலையில், ஒரு வட்டாரத்தில் பணியாற்றும் ஆய்வாளர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் கூடிப் பேசுவதே இதற்கு எளிய மருந்து. ஐம்பது முதல் எழுபது பேர் வரை பங்கேற்கும் இரண்டு நாள் சந்திப்பையும் அதைத் தொடர்ந்து ஒரு நாள் களப் பயணத்தையும் ஏற்பாடு செய்ய விரும்புவோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. முதன்முறையாக இத்தகைய கூட்டத்தில் பேசப்போகும் மாணவர்களுக்கும் இதில் சில பகுதிகள் பயன்படும்.

எல்லையும் கேள்வியும்

முதலில் 'வட்டாரம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நிர்வாக எல்லைகள் அழைப்பிதழ் அனுப்புவதற்கு வசதியானவை. ஆனால் பண்டைய மக்களுக்கும் அவற்றிற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓர் ஆற்றுப்படுகை, ஒரு கடற்கரைத் துண்டு, ஒரு மலைத்தொடரின் இரு சரிவுகள், அல்லது ஒரு குறிப்பிட்ட பானை வகை பரவியிருக்கும் பரப்பு ஆகியவற்றில் ஒன்றை எல்லையாகக் கொள்வதே பொருத்தமானது. எல்லையை எங்கே வரைவது என்று ஐயம் எழுந்தால், பங்கேற்பவர் ஒவ்வொருவரும் மற்றொருவர் கொண்டுவரும் பானை ஓட்டை, அதாவது உடைந்த பானைத் துண்டை, கையில் எடுத்துப் பார்த்து, 'இது எங்களிடமும் இருக்கிறது' என்றோ 'இது எங்களிடம் இல்லை' என்றோ பொறுப்போடு சொல்லக்கூடிய அளவில் பரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவைத் தாண்டினால் கூட்டம் பொது மாநாடாக மாறிவிடும்.

அடுத்தது கேள்வி. வட்டாரச் சந்திப்புகளின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடுவது, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள பெக்கோஸ் அகழாய்வுத் தளத்தில் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் தொல்லியலாளர் ஆல்பிரட் கிடர் கூட்டிய கூட்டமாகும். அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியில் அகழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஒரே பண்பாட்டுக் கட்டங்களை வெவ்வேறு பெயர்களால் அழைத்ததால் எழுந்த குழப்பமே அக்கூட்டத்தின் தூண்டுதல். சில நாள்களில் அவர்கள் கூடைமுடைவோர் கட்டங்கள் மூன்று, அவற்றைத் தொடர்ந்து புவெப்லோ எனும் ஊர்க்குடியிருப்புக் கட்டங்கள் ஐந்து என்று ஒரு பொது வரிசையை ஏற்றுக்கொண்டார்கள். அவ்வரிசையின் முதல் கட்டத்திற்கு அன்று எந்தச் சான்றும் கையில் இல்லை. வேளாண்மைக்கு முந்தைய ஒரு நிலை இருந்திருக்க வேண்டும் என்று கருதி அதற்கு இடம் ஒதுக்கி வைத்தார்கள். ஒரு கூட்டம் தான் அறியாததற்கும் முறையாக ஓர் இடம் விட்டு வைத்தது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. மர வளையங்களைக் கொண்டு அப்பகுதியின் காலத்தை ஆண்டுக்கணக்கில் நிறுவும் தொடர் 1929இல்தான் முழுமையடைந்தது. அதற்கு முன்பே, மண்ணடுக்குகளையும் ஓடுகளையும் மட்டும் நம்பி வகுத்த வரிசை பெரும்பாலும் நிலைத்து நின்றது.

ஆகவே, உங்கள் கூட்டத்திற்கு 'இரும்புக்காலப் பண்பாடு: பன்முகப் பார்வை' என்பது போன்ற தலைப்பை வைக்காதீர்கள். அத்தலைப்பின் கீழ் எதையும் பேசலாம் என்பதால், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எழாது. 'இந்தப் படுகையில் கையால் வனைந்த பானைகள் குறைந்து சக்கரத்தில் வனைந்த பானைகள் மிகுவது மேல்பகுதியில் முதலில் நிகழ்ந்ததா, முகத்துவாரத்தில் முதலில் நிகழ்ந்ததா?' என்பது போல, கையிலிருக்கும் சான்றுகளைக் கொண்டு ஓரளவேனும் விடை தேடக்கூடிய ஒரு கேள்வியை முன்வையுங்கள். அக்கேள்விக்குத் தொடர்பில்லாத நல்ல ஆய்வுகளுக்கு ஓர் அமர்வைத் தனியாக ஒதுக்கலாம். ஓர் அமர்வுக்கு மேல் வேண்டாம்.

காலமும் அழைப்பும்

அகழாய்வுப் பருவம் முடிந்து, ஓடுகள் கழுவப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும், ஆனால் அறிக்கை இன்னும் எழுதி முடிக்கப்படாத இடைவெளியே கூட்டத்திற்கு உரிய காலம். பருவத்தின் நடுவில் வைத்தால் களப் பொறுப்பாளர்கள் வர இயலாது. அறிக்கை வெளிவந்த பிறகு வைத்தால் எவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பொருள்களை இடம் பெயர்த்துக் கொண்டுவருவதற்கான அனுமதிகளுக்கு நாள்கள் பிடிக்கும் என்பதால் ஆறு மாதங்களுக்கு முன்பே பணியைத் தொடங்குவது நல்லது.

ஆய்வுச் சுருக்கத்திற்கான அழைப்பில், 250 சொற்களுக்குள் நான்கு செய்திகள் இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: எந்த இடத்தின் எந்தக் குழியில் எந்த அடுக்கு, அங்கே கிடைத்தது என்ன, அதன் காலம் எவ்வாறு கணிக்கப்பட்டது, இன்னும் முடிவுசெய்ய இயலாமல் இருப்பது எது. நான்காவதை எழுதத் தயங்குபவர்கள்தாம் மிகுதி. ஆனால் தேர்வுக் குழு முதலில் படிக்க வேண்டியது அந்த நான்காவது பகுதியைத்தான். முடிந்த முடிபுகளை மட்டும் அறிவிக்கும் கட்டுரைக்கு இதழ்கள் இருக்கின்றன; தீராத ஐயத்தைக் கொண்டுவருபவருக்கு இக்கூட்டம் தேவைப்படுகிறது. மாணவர்களின் சுருக்கங்களைப் பெயர் மறைத்துப் படியுங்கள். இல்லையேல், வழிகாட்டியின் புகழ் மாணவரின் வாக்கியங்களுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உரைகளும் காலக்கணிப்புகளும்

ஓர் உரைக்கு 15 நிமிடமும் அதைத் தொடர்ந்து கேள்விகளுக்கு 10 நிமிடமும் ஒதுக்குங்கள். வழக்கமான ஐந்து நிமிடத்தில் ஒருவர் தம் கேள்விக்கு முன்னுரை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு நாளில் பத்து உரைகளுக்கு மேல் வைக்க வேண்டாம். பாராட்டுரைகளையும் வரவேற்புரைகளையும் சேர்த்து 20 நிமிடத்திற்குள் முடித்துவிடுவதென்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வகைக் கூட்டங்களில் முதல் நாள் காலையை விழுங்குவது பெரும்பாலும் மேடைதான்.

உரையாற்றுபவர்களுக்கு அனுப்பும் குறிப்பில் சில நிபந்தனைகள் கட்டாயமாக இருக்க வேண்டும். திரையில் காட்டும் ஒவ்வொரு பொருளின் படத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும்; ஒவ்வொரு தள வரைபடத்திலும் வடதிசைக் குறி இருக்க வேண்டும்; குழியின் வெட்டுமுகத்தை, அதாவது மண்ணடுக்குகள் தெரியும் பக்கச்சுவரை, புகைப்படமாக மட்டும் காட்டாமல், அடுக்கு எண்கள் குறிக்கப்பட்ட வரைபடமாகவும் காட்ட வேண்டும். புகைப்படத்தில் எல்லாம் தெரிவதுபோல் தோன்றும். எந்த அடுக்கு எதை வெட்டிச் செல்கிறது என்று அகழ்ந்தவர் எடுத்த முடிவு வரைபடத்தில்தான் வெளிப்படும். அடுக்குகளும் குழிகளும் பலவாக இருக்கும் தளங்களுக்கு, எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வின்செஸ்டர் அகழாய்வுப் பதிவுகளில் பணியாற்றியபோது உருவாக்கிய கட்ட வரைபட முறையில், எது முந்தியது எது பிந்தியது என்ற உறவை ஒரே பக்கத்தில் காட்டச் சொல்லலாம். தம் தளத்திற்கு அவ்வரைபடத்தை வரைய இயலாத ஒருவர், தம் தளத்தின் வரிசையைத் தாமே இன்னும் முழுதாக அறிந்துகொள்ளவில்லை என்பது பெரும்பாலும் உண்மை.

கரி, விதை போன்றவற்றில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து செய்யும் கார்பன்-14 காலக்கணிப்புகளில்தான் கூட்டங்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. ஆதலால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'எங்கள் தளத்தின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 600' என்று ஒருவர் ஒற்றை எண்ணைச் சொன்னால், அதை யாரும் எதனோடும் ஒப்பிட இயலாது. ஆய்வகக் குறியீட்டு எண், அளந்த காலமும் அதன் பிழை வரம்பும், மாதிரி எந்தப் பொருளிலிருந்து எடுக்கப்பட்டது, திருத்தத்திற்குப் பயன்பட்ட வளைவின் பெயர், 95.4 விழுக்காட்டு நம்பகத்தில் கிடைக்கும் ஆண்டு இடைவெளி ஆகிய ஐந்தும் திரையில் இருக்க வேண்டும். ஆய்வகங்கள் தரும் 'இன்றைக்கு முன்' என்ற கணக்கில் 'இன்று' என்பது 1950ஆம் ஆண்டு. அவ்வெண்ணிலிருந்து 1950ஐக் கழித்தவுடன் நாள்காட்டி ஆண்டு கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை என்பதால், மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்ட திருத்த வளைவை இடையில் பயன்படுத்த வேண்டும். வட அரைக்கோளத்திற்கு 2020இல் வெளியான இன்ட்கால்20 வளைவும், தென் அரைக்கோளத்திற்கு எஸ்எச்கால்20 வளைவும், கடல் மாதிரிகளுக்குத் தனி வளைவும் இருக்கின்றன. ஆய்வகங்கள் இன்றும் மரபு கருதிப் பழைய அரைவாழ்வுக் காலமான 5,568 ஆண்டுகளைக் கொண்டே கணக்கிடுகின்றன. அதைவிடத் துல்லியமான மதிப்பு 5,730 ஆண்டுகள் என்பதை அறிந்த மாணவர் தாமாகவே எண்ணைத் திருத்திவிட்டு அதன் பிறகு வளைவையும் பயன்படுத்தினால் ஒரே பிழை இருமுறை திருத்தப்பட்டதாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொ.ஆ.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் திருத்த வளைவு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. 'இன்றைக்கு முன் 2450, கூட்டல் கழித்தல் 30' என்று அளக்கப்பட்ட மாதிரி ஒன்றைத் திருத்தினால், ஏறத்தாழப் பொ.ஆ.மு. 750 முதல் 410 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற விடைதான் கிடைக்கும். இக்காலத்தைச் சேர்ந்த இரண்டு தளங்களின் ஒற்றைக் காலக்கணிப்புகளை வைத்துக்கொண்டு எது மூத்தது என்று வாதிடுவதால் பயனில்லை. அங்கே ஒரே குழியின் மேலடுக்கிலிருந்தும் கீழடுக்கிலிருந்தும் எடுத்த மாதிரிகளை வரிசையாக அளப்பதும், ஓடுகளை நேரில் ஒப்பிடுவதுமே துணை செய்யும். மரக்கரியைவிட விதைகள் சிறந்த மாதிரிகள் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும்; முதிர்ந்த மரத்தின் உள்வளையத்திலிருந்து வந்த கரி, மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் காட்டாமல் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு, சில நேரம் நூற்றாண்டுகளுக்கு, முந்தைய காலத்தைக் காட்டிவிடும்.

ஓடு மேசை

இரண்டாம் நாளின் முற்பகல் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். உரைகள் பிந்தியதால் ஓடு மேசையைச் சுருக்கிக்கொள்வது என்ற நிலை மட்டும் வரவே கூடாது. சுருக்க வேண்டுமானால் உரைகளைச் சுருக்கலாம்.

ஓடுகளை ஒப்பிடுவதால் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு அரிக்கமேடு நல்ல எடுத்துக்காட்டு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, காலம் உறுதியாக அறியப்பட்டிருந்த இத்தாலிய அரெட்டைன் ஓடுகளும், உட்புறத்தில் உருள்சக்கர அழகூட்டல் கொண்ட ரூலெட்டட் ஓடுகளும் ஒரே தளத்தில் வெளிப்பட்டன. அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு 1947இல் கர்நாடகத்தில் உள்ள பிரம்மகிரி, சந்திரவல்லி ஆகிய தளங்களின் காலத்தையும் அவர் வரையறுக்க முயன்றார். தொலைவில் உள்ள ஒரு பட்டறையின் காலம் ஓர் ஓட்டின் வழியாக மற்றொரு நிலத்தின் பானைகளுக்குக் கைமாறியது. பின்னாளில் ரூலெட்டட் ஓடுகளின் தொடக்கம் வீலர் கருதியதைவிட முந்தையது என்று ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அத்திருத்தமும் ஓடுகளை மீண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்ததுதான்.

ஒவ்வொரு குழுவும் மேசைக்குக் கொண்டுவர வேண்டியவை, கலப்பில்லாத அடுக்குகளிலிருந்து கிடைத்த ஓடுகளே. விளிம்பு, அடி, கழுத்து, அழகூட்டப்பட்ட உடல்பகுதி ஆகிய அடையாளம் காட்டும் ஓடுகள் ஒரு தட்டிலும், அதே அடுக்கின் சாதாரண உடல் ஓடுகளில் ஒரு பிடி மற்றொரு தட்டிலும் இருக்கட்டும். அழகானவற்றை மட்டும் பொறுக்கிக் கொண்டுவருவது இயல்பான ஆசை. ஆனால் மண்கலவையை ஒப்பிடச் சாதாரண ஓடுகள்தாம் உதவும். தட்டு ஒன்றுக்கு ஓர் அடுக்கு என்பதில் தளர்வு கூடாது. தளம், குழி, அடுக்கு எண், அகழ்ந்த நாள் ஆகியவை எழுதிய சீட்டு தட்டின் மேலும் பையின் உள்ளும் ஆக இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். நான் பங்கேற்ற ஒரு கூட்டத்தில் மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறந்துவிட்டன. ஓடுகளின் மேல் மையால் எண்ணிட்டிருந்ததால் அன்று தப்பித்தோம், எண்ணிடாத ஒரு தட்டு மட்டும் இன்றுவரை எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரியாமலே கிடக்கிறது.

பொருள்களை அரசின் அல்லது அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்து எடுத்துவர எழுத்து வடிவில் அனுமதி பெற்று, புகைப்படத்துடன் கூடிய பட்டியலை இரு படிகளாகத் தயாரித்து, புறப்படும்போதும் திரும்பும்போதும் எண்ணிக் கையொப்பமிட வேண்டும். பொன், மணி, காசு, எழுத்துப் பொறித்த ஓடு ஆகிய அரிய பொருள்களை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்; அவற்றிற்குப் படமோ அச்சுப்படியோ போதும். உலோகப் பொருள்களை வெறுங்கையால் தொட விடக்கூடாது. பானையில் ஒட்டியிருக்கும் உணவு எச்சங்களையோ மரபணுவையோ ஆய்வு செய்ய எண்ணியிருந்தால், அவ்வோடுகளைக் கழுவவும் கூடாது, கூட்டத்திற்குக் கொண்டுவரவும் கூடாது. ஐம்பது பேரின் கைபட்ட ஓட்டிலிருந்து கிடைக்கும் கொழுப்பு யாருடையது என்று எந்த ஆய்வகமும் சொல்ல இயலாது.

மேசைக்கு நல்ல பகல் வெளிச்சம் தேவை. மண்ணின் நிறத்தையும் ஓட்டின் நிறத்தையும் குறிக்கப் பயன்படும் மன்செல் நிற அட்டையைக் குழல்விளக்கின் ஒளியில் பிடித்தால் நிறம் மாறித் தோன்றும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் மேசைக்கு இரண்டு, விளிம்பின் வளைவை அளந்து வாயகலத்தைக் கணிக்கும் வளைய அட்டை ஒன்று, தடிமன் அளக்கும் கருவி, சிறு தராசு, 10 சென்டிமீட்டர் அளவுகோல், மென்மையான விரிப்பு ஆகியவை போதும். முழு விளிம்பில் 5 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதியே எஞ்சியிருந்தால் வாயகலக் கணிப்பை நம்ப வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள். எண்ணிக்கையோடு எடையையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு பெரிய சாடி நூறு துண்டாக உடைந்திருந்தால், எண்ணிக்கை மட்டும் அதை நூறு கிண்ணங்களுக்கு இணையாக்கிவிடும்.

பார்க்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் தளத்தின் பெயர் மறைக்கப்பட்டிருக்கட்டும். தட்டுகளில் எழுத்துக் குறி மட்டும் இருக்கட்டும். இரண்டு ஆய்வாளர்களும் இரண்டு மாணவர்களும் கொண்ட சிறு குழுக்களாக மேசை மேசையாகச் சென்று, தங்கள் தளத்தின் ஓடுகளோடு எது ஒத்திருக்கிறது, எதனால் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பழைய உடைவு அழுக்கால் மூடியிருக்கும் என்பதால் புதிய உடைவுள்ள ஓட்டைத் தேர்ந்து, மண்ணில் கலந்திருப்பது ஆற்றுமணலா, உமியா, பொடித்த ஓடா, உள்ளே கருமையும் வெளியே சிவப்புமாகச் சூளையில் எவ்வாறு வெந்திருக்கிறது, உட்புறத்தில் சக்கரத்தின் சுழல்கோடுகள் தெரிகின்றனவா என்று லென்ஸால் பார்க்க வேண்டும். வடிவம் ஒத்திருந்து மண் வேறாக இருந்தால் அது பாணியின் பரவலாக இருக்கலாம். மண்ணும் ஒத்திருந்தால் பானையே பயணித்திருக்கலாம். இவ்வேறுபாட்டைப் புகைப்படம் ஒருபோதும் காட்டாது. இக்கூட்டத்திற்காக எல்லோரும் பயணச் செலவு செய்து வருவதை நியாயப்படுத்துவது இந்த ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு பெயர்களை வெளிப்படுத்தி, குழுக்கள் எழுதியதைப் பொதுவில் படிக்கலாம். பெயரைப் பார்த்தவுடன் தம் கருத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் மூத்தவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள். தாளில் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

மாணவர்கள்

மாணவர்களைப் பதிவு மேசையிலும் ஒலிபெருக்கியின் அருகிலும் நிறுத்திவிட்டு, அவர்கள் பங்கேற்றதாகச் சான்றிதழ் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பணிகளை முறை வைத்துப் பகிர்ந்து, எந்த மாணவரும் ஓர் அமர்வுக்கு மேல் இழக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓடு மேசையில் பதிவு எழுதும் பொறுப்பை மாணவர்களிடமே விடலாம். எழுத வேண்டியிருப்பதால் அவர்கள் கேட்டே ஆக வேண்டும், கேட்பதால் கற்றுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு உரைக்குப் பின்னும் முதல் கேள்வியை ஒரு மாணவர்தான் கேட்க வேண்டும் என்று அமர்வுத் தலைவர் அறிவிக்கட்டும். முதலில் சில நொடிகள் அமைதி நிலவும். தலைவர் அவசரப்பட்டு அதைத் தாமே நிரப்பிவிடக் கூடாது. என்ன கேட்பது என்று தெரியாத மாணவர், 'இந்த அடுக்கு கலப்பில்லாதது என்று எவ்வாறு முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டாலே போதும். அக்கேள்விக்கு உரிய விடை இல்லாத உரைகள் எத்தனை என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

உரை வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கு ஏ0 அளவிலான போஸ்டர் அமர்வு வைக்கலாம். தலைப்பை நான்கைந்து மீட்டர் தொலைவிலிருந்தும், உள்ளே உள்ள எழுத்தை ஒரு மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்க முடிய வேண்டும். அறிமுகம், நோக்கம், முறை, முடிவு என்று கட்டுரையையே ஒட்டிவைப்பதைவிட, ஒரு நல்ல வெட்டுமுக வரைபடத்தை நடுவில் பெரிதாக வைத்து அதைச் சுற்றி எழுதுவது நல்லது.

காட்டக் கூடாதவையும் சொல்லக் கூடாதவையும்

வெளியிடப்படாத சான்றுகளைப் பகிரச் சொல்லும் கூட்டம், அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். எந்தத் திரைக்காட்சியைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை உரையாளர் முதல் திரையிலேயே குறிக்கட்டும். ஓடு மேசையில் பிறரின் பொருளைப் பற்றித் தோன்றிய கருத்தை எழுதி வெளியிட விரும்புபவர், அகழ்ந்தவரின் எழுத்து வடிவிலான ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதை அழைப்பிலேயே தெரிவித்துவிடுங்கள். இவ்விதி மூத்தவர்களுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்ப்பது மிகையாகாது. களவுக்கு இடமளிக்கக்கூடிய தளங்களின் துல்லியமான ஆயத்தொலைவுகளைத் திரையில் காட்ட வேண்டாம்; ஊர் அளவிலான குறிப்பு போதும்.

மனித எலும்புகளின் படங்களைக் காட்டுவதற்கு முன் அவையோருக்கு அறிவிக்க வேண்டும். உலகத் தொல்லியல் காங்கிரஸ் 1989இல் ஏற்றுக்கொண்ட வெர்மில்லியன் உடன்பாடு, இறந்தவரின் உடலெச்சங்களுக்கும், அவரது விருப்பம் தெரிந்தால் அவ்விருப்பத்திற்கும், அவரைத் தம்மவராகக் கருதும் சமூகத்தின் விருப்பத்திற்கும், அதனுடன் ஆய்வின் மதிப்பிற்கும் மரியாதை தர வேண்டும் என்று சொல்கிறது. ஈமத் தளங்களைப் பற்றிய அமர்வுக்கு அதையே அடிப்படையாகக் கொள்ளலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, சந்தையில் வாங்கப்பட்ட தொல்பொருளைப் பற்றிய உரைகளை ஏற்க வேண்டாம். தொல்பொருள் கடத்தலைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவானதன் பின்னணியை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது: இடமறியாத பொருளுக்குக் கூட்டம் தரும் மதிப்பு, அடுத்த களவுக்கு விலையாக மாறுகிறது.

களப் பயணம்

மூன்றாம் நாள் காலையில், அகழாய்வுக் குழி திறந்திருக்கும் ஒரு தளத்திற்குச் செல்லலாம். வெட்டுமுகத்தை முதல் நாளே கரண்டியால் மெல்லச் சீவித் துப்புரவாக்கி வைத்து, குழுவினர் வருவதற்குச் சற்று முன் நீரை மென்மையாகத் தெளித்தால் அடுக்குகளின் நிறவேறுபாடு தெளிவாகத் தெரியும். முகத்தில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் நேரத்தைத் தவிர்த்து, முழுதும் நிழலாக இருக்கும் நேரத்தில் காட்டுங்கள். அடுக்குச் சீட்டுகளை முதலில் அகற்றிவிட்டு, வந்தவர்களையே கோடுகளைச் சுட்டிக்காட்டச் சொல்வது நல்ல பயிற்சி. அகழ்ந்தவர் கண்ட எல்லையை ஐந்தில் இருவர் காணாவிட்டால், அவ்வெல்லையை அவர் மறுபடியும் பார்ப்பது நல்லது.

பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் குழியின் ஓரம் நிற்க வேண்டாம்; விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கயிறு கட்டுங்கள். மேற்பரப்பில் கிடக்கும் ஓடுகளை எவரும் எடுக்கக் கூடாது என்பதை வாகனத்திலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்துப் பார்த்துவிட்டு வேறோர் இடத்தில் போடுவதும் எடுத்துச் செல்வதற்கு இணையான தவறே. முதலுதவிப் பெட்டி, போதிய குடிநீர், நிழலுக்கான ஏற்பாடு, நடக்க இயலாதவர்கள் அமர்ந்து பார்க்க ஓரிடம் ஆகியவற்றை மறக்க வேண்டாம். தளத்தைச் சுற்றி வாழும் மக்களையும் அழைத்து, கிடைத்தது என்ன என்று அரை மணி நேரமாவது எளிய சொற்களில் விளக்குங்கள். பழைய மேடுகளையும் உழும்போது வெளிப்படும் ஓடுகளையும் பற்றி அவர்களிடமிருந்து வரும் செய்தி, பல நேரங்களில் அடுத்த மேற்பரப்பாய்வின் தொடக்கமாக அமையும்.

கூட்டம் கலைந்த பிறகு

நான்கு வாரத்திற்குள் இரண்டு ஆவணங்கள் பங்கேற்பாளர்களைச் சென்றடைய வேண்டும். முதலாவது, ஓடு மேசையில் உடன்பாடு எட்டிய பெயர்களின் பட்டியல்: ஒவ்வொரு பானை வகைக்கும் பொதுப் பெயர், அதுவரை வெவ்வேறு குழுக்கள் வழங்கிய பெயர்கள், மண்கலவையின் விளக்கம், விளிம்பின் வரைபடம், கிடைத்த தளங்களும் அடுக்குகளும். இரண்டாவது, உடன்பாடு எட்டாதவற்றின் பட்டியல். யார் என்ன கருத்துக் கொண்டிருந்தார் என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டையும் ஏதேனும் ஒரு நிலையான எண்ணியல் ஆவணக் காப்பகத்தில் டிஓஐ எனும் மாறாத அடையாள எண்ணுடன் சேர்த்துவைத்தால், பின்னர் எழுதப்படும் அறிக்கைகள் அவற்றைச் சுட்டிக்காட்ட முடியும்.

அடுத்த கூட்டத்தை நடத்தும் குழுவை, கடைசி நாளில் எல்லோரும் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வளைய அட்டை, நிற அட்டை, லென்ஸ்கள், எழுதப்பட்ட தாள்கள் ஆகியவை அடங்கிய பெட்டியை அவர்களிடம் எண்ணிக் கொடுத்து, உடன்பாடு எட்டாதவற்றின் பட்டியலை அதன் மேல்புறத்தில் வையுங்கள்.